அத்தியாயம் 7: கரண்ட் போன பிறகும் பேச வேண்டிய அறை

பேரிடர் பயிற்சி வகுப்புகளில் முதல் நாள் காலையில் நான் கேட்கும் கேள்வி இது: உங்கள் கட்டுப்பாட்டு அறையின் மெயின் சுவிட்சை இந்த நிமிஷம் இறக்கினால் எதெல்லாம் நிற்கும்? எல்லோரும் யோசிப்பார்கள். யாராவது ஒருவர், "யு.பி.எஸ். இருக்கு சார்" என்பார். யோசிக்கவே வேண்டாம், போய் இறக்கிப் பாருங்கள் என்பேன்.

ஒரு கடலோர நகரத்தில் அப்படித்தான் இறக்கினோம். புதிதாகக் கட்டிய அறை, சுவர் நிறையத் திரைகள். யு.பி.எஸ். திரைகளைத் தாங்கிவிட்டது. ஆனால் இன்டர்நெட் மோடம் அடுத்த அறையில் சாதாரண பிளக்கில் செருகியிருந்தது. எல்லாத் திரையிலும் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெனரேட்டரைப் போடலாம் என்று கீழே ஓடினார்கள். ஷெட் பூட்டியிருந்தது. சாவி டிரைவரிடம். டிரைவர் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு. அந்த அறையில் அப்போது உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள், வாசலில் வாட்ச்மேன் மேஜையில் கிடந்த நீள நோட்டு. அதில் அவர் தன் கைப்படப் பத்துப் பதினைந்து போன் நம்பர் எழுதி வைத்திருந்தார். தீயணைப்பு நிலையம், ஈ.பி. ஆபீஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், எதிர்த்த டீக்கடை.

மின்சாரம், தொலைபேசி, குடிநீர், மருத்துவமனை, பாலம் இவற்றையெல்லாம் கண்காணிக்க ஓர் அமைப்பை உண்டாக்குகிறோம். அந்த அமைப்பே அந்த மின்சாரத்தையும் அந்தத் தொலைபேசியையும் நம்பித்தான் நிற்கிறது. புயலடித்தால் காவலுக்கு வைத்த ஆளே முதலில் மயங்கி விழுகிறார். ஆகவே எந்த மென்பொருளை வாங்கலாம் என்று இந்த அத்தியாயம் சொல்லாது. கரண்ட், டவர், சாவிக்காரர் மூன்றும் ஒரே நேரத்தில் கையில் இல்லாமல் போனாலும் ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு இப்போதே செய்து வைக்க வேண்டியவை மட்டும் இங்கே.

பதிவேடு

எவ்வளவு பெரிய தகவல் அமைப்பானாலும் அடியில் ஒரு பட்டியல்தான் இருக்கும். பட்டியல் பொய்யானால் மேலே எத்தனை வரைபடம் ஓட்டினாலும் பொய்தான். பெரும்பாலான அலுவலகங்களில் "முக்கிய நிலையங்கள்" என்று ஒரு கோப்பு இருக்கும்; பெயர், முகவரி, போன் நம்பர். அது முகவரிப் புத்தகம். ஒரு நிலையம் எதை நம்பி ஓடுகிறது, அது நின்றால் யாரெல்லாம் நிற்பார்கள் என்ற இரண்டும் எழுதியிருந்தால்தான் அது பதிவேடு.

பயிற்சிக்காக நான் எழுதிக் காட்டும் ஒரு கற்பனைப் பக்கம் இப்படி இருக்கும்:

"தலைமை நீரேற்று நிலையம், ஆற்றுப்பாலத்துக்குத் தெற்கே. மோட்டார் 3; ஒன்று பழுது. மின்சாரம் ஆற்றங்கரை பீடர்; மாற்று பீடர் இல்லை. ஜெனரேட்டர் டீசல் தொட்டி 200 லிட்டர். ஓட்டிப் பார்த்ததில் மணிக்கு 20 லிட்டர். நிரம்பியிருந்தால் 10 மணி நேரம். பேனல் போர்டு தரையிலிருந்து முழங்கால் உயரம். பழைய வெள்ளக்குறி சுவரில் இடுப்பளவு. சாவி ஆபரேட்டர் வீட்டில், வடக்குத் தெரு. இரண்டாவது சாவி பாலத்தடிப் பெட்டிக்கடை. நம்பியிருப்போர்: மேல்நிலைத் தொட்டி 4, அரசு மருத்துவமனை, வார்டு 9. பாலம் மூழ்கினால் தெற்குச் சாலை வழியாக மட்டும் வர முடியும். சரிபார்த்த தேதி, கையெழுத்து."

இதில் இரண்டு வரியைச் சேர்த்துப் படியுங்கள். பேனல் முழங்கால் உயரம், வெள்ளக்குறி இடுப்பளவு. அந்த நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவருக்கு இரண்டுமே தெரிந்திருக்கும். ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிய அன்றே வேலை தெரிந்துவிடுகிறது: போர்டை மேலே தூக்க வேண்டும். வெல்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு நாளில் முடிக்கிற வேலை.

டீசல் கணக்கை ஜெனரேட்டரோடு வந்த புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அது புது இன்ஜினுக்கான கணக்கு. உண்மையான லோடைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, தொட்டியில் குச்சி விட்டு அளந்து எழுதுங்கள். கட்டுப்பாட்டு அறைக்கு லிட்டர் தேவையில்லை, மணி நேரம்தான் தேவை. "தொட்டி பாதி இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது. "விடியற்காலை 3 மணி வரை தாங்கும்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

நம்பியிருக்கும் சங்கிலியை எழுதும்போது சில வளையங்கள் அகப்படும். மருத்துவமனை ஜெனரேட்டருக்கு டீசல் பங்க்கிலிருந்து வர வேண்டும். பங்க்கில் டீசலை மேலே இழுக்க மின்சாரம் வேண்டும். அங்கே ஜெனரேட்டர் உண்டா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? செல்போன் டவரின் பேட்டரி பொதுவாகச் சில மணி நேரத்துக்குத்தான். அதன் பிறகு அங்கேயும் டீசல். டவர் நின்றால் டீசல் லாரி டிரைவருக்குப் போன் போகாது. இந்த வளையத்தைத் தாளில் வரைந்து, எந்த இடத்தில் வெட்டினால் அவிழும் என்று பாருங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பங்க்கில்தான் வெட்டுப்படும். ஜெனரேட்டர் உள்ள ஒரு பங்க்கோடு முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகப் பேசி வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

மனிதர்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2-ஆம் தேதி அச்சாகவில்லை. வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததுதான் காரணம். நிலையம் நன்றாக இருக்கும். ஓட்டுகிற கை ஊரின் மறுபக்கம் தண்ணீரில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் நடந்தே வரக்கூடிய தூரத்தில் குடியிருக்கும் ஒருவரின் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். பதவி முக்கியமில்லை, வால்வைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

தாழ்ந்த இடத்தைப் பாருங்கள்

ஒரு நிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பதைவிட, அதில் மிகத் தாழ்வாக இருக்கும் உறுப்பு எது என்று கேட்பது பயன் தரும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. கடல்நீரை இழுக்கும் பம்புகள் நின்றதும், ஓடிக்கொண்டிருந்த 2-வது அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஜனவரி 2-ஆம் தேதி மீண்டும் ஓடத் தொடங்கியது. உலை இருந்த இடத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய பம்ப் ஹவுஸ்தான் எல்லையை முடிவு செய்தது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் சுனாமியால் நடந்த விபத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களின் இருப்பிடம். அங்கே பெரும்பாலானவை தாழ்ந்த தளங்களில் இருந்து மூழ்கின. 2015 சென்னை வெள்ளத்திலும் அடையாற்றை ஒட்டிய ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் தண்ணீரில் மூழ்கி, நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது.

கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சத்தம், எடை, டீசல் லாரி வந்து நிற்கும் வசதி. மாற்ற முடியாவிட்டால், பதிவேட்டில் அந்த உயரத்தைச் சிவப்பு மையில் எழுதி, தண்ணீர் எந்தப் படிக்கு வந்தால் நோயாளிகளை நகர்த்தத் தொடங்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடு ராத்திரியில் டீன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. படியில் பெயின்ட் அடித்த ஒரு கோடு போதும்.

செய்தி எழுதும் முறை

இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

"அவசரம்!! பெரிய தெரு மூழ்குகிறது. குழந்தைகள் மாட்டிக்கொண்டுள்ளனர். அனைவருக்கும் பகிரவும்."

"22.40. பெரிய தெரு பம்ப். ஆபரேட்டர், நேரில் பார்த்தது. தண்ணீர் வாசலில் இரண்டாவது படி. மோட்டார் ஓடுகிறது. டீசல் 4 மணி நேரம். தேவை: மணல் மூட்டை."

முதலாவதில் உணர்ச்சி இருக்கிறது, நேரம் இல்லை. அது நேற்று இரவு எழுதியதாக இருக்கலாம், போன வருஷம் எழுதியதாகவும் இருக்கலாம். இரண்டாவதில் நேரம், இடம், சொன்னவர் யார், கண்ணால் கண்டதா காதால் கேட்டதா, நிலை, தேவை எல்லாம் இருக்கின்றன. ஒயர்லெஸ்ஸில் படித்தால் அரை நிமிஷம்கூட ஆகாது. இந்த வரிசையை எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். ஆப்பில் இதே வரிசை, வாக்கி-டாக்கியில் இதே வரிசை, சைக்கிளில் ஆள் கொண்டுவரும் துண்டுச் சீட்டிலும் இதே வரிசை. வழி மாறலாம், வடிவம் மாறக் கூடாது. கணினி உயிர் பெற்றதும் சீட்டுகளை அப்படியே ஏற்றிவிடலாம்.

கட்டுப்பாட்டு அறைப் பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு வைப்பது எல்லோரும் செய்வது. நான் நான்காவதாக ஒரு நிறத்தைக் கேட்டு வாங்குவேன்: சாம்பல். "தெரியவில்லை" என்று அர்த்தம். எந்த நிலையத்திலிருந்தும் மூன்று மணி நேரமாகத் தகவல் வரவில்லை என்றால் அது தானாகச் சாம்பலுக்கு மாற வேண்டும், முன்பு பச்சையாக இருந்தாலும் சரி. இதற்கு அதிகாரிகளிடம் எதிர்ப்பு வரும். மேலிடத்திலிருந்து வருகிறவர் பலகையைப் பார்த்து, "இவ்வளவு இடம் தெரியவில்லையா?" என்று கேட்டுவிடுவாரே என்ற பயம். ஆனால் போன் அடித்துக்கொண்டே இருக்கிற தெருவில் டவராவது உயிரோடு இருக்கிறது. சத்தமே வராத தெருவில் டவர், கம்பம், சாலை எல்லாம் சேர்ந்து சாய்ந்திருக்கலாம். முதல் படகும் முதல் ஜீப்பும் சாம்பல் நிறத்துக்குத்தான் போக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளுக்கு முதல் நாள் பாராட்டுகூட வந்தது. அப்புறம் உள்ளே உள்ளே போகத்தான் தெரிந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாகியிருந்தன. தென்னை மரங்கள் சாலைகளை அடைத்துக் கிடந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கம்பம் சாய்ந்த ஊரிலிருந்து "கம்பம் சாய்ந்துவிட்டது" என்று சொல்ல வழி கிடையாது. முதல் நாள் பலகையில் எத்தனை இடம் சாம்பலாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்தது வேறு கணக்கு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. முன்னே தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போயிருந்தது. ஊரைச் சுற்றித் தண்ணீர். ஹெலிகாப்டரில் உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் முந்தைய நாள் பதிவேட்டில் 800 பேர் கிடையாது. ஓடுகிற பேருந்து, ரயில், திருவிழாக் கூட்டம், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே இரவில் "நிலையம்" ஆகிவிடும். இதற்காகப் பதிவேட்டின் கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் விடுங்கள். நிற்கும் இடம், தலைக்கணக்கு, குழந்தைகள், மருந்து தேவைப்படுவோர், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். இந்த ஐந்து போதும்.

ஷிப்ட் மாறும் நேரம்தான் அதிகத் தகவல் தொலைகிற நேரம். புதிதாக வந்தவரை உட்காரவைத்து, திறந்திருக்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே பழையவர் எழுந்திருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கூட்டம் தரும் தகவல்

2015 டிசம்பரில் சென்னையில் அரசு வரைபடங்களைவிட வேகமாக மக்களின் வரைபடங்கள் ஓடின. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் போட்ட வரைபடத்தில் மூழ்கிய தெருக்களை மக்களே தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். தங்க இடம், சாப்பாடு, படகு என்று பொதுவான விரிதாள்களில் யார் யாரோ எழுதிச் சேர்த்தார்கள். அழகான காரியம். அதன் கூடவே ஒரு நோயும் வந்தது: மீட்கப்பட்டவர்களின் பழைய வேண்டுகோள் நாள் கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. காலி வீட்டுக்குப் படகு போகும். பக்கத்துத் தெருவில் ஆள் காத்திருப்பார். எந்த வேண்டுகோளைத் திறந்தாலும் அதை மூடுவது யார் என்று கூடவே எழுதுங்கள். மூடாத வேண்டுகோளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுக் கேட்க ஒருவரை மட்டும் தனியாக உட்காரவையுங்கள். கல்லூரி மாணவர்கள் இதை நன்றாகச் செய்வார்கள்.

இதே பாடத்தை மென்பொருளாகவே எழுதிப் பார்த்தது இலங்கை. 2004 சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே அங்கிருந்த கணினித் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பட்டியல், முகாம் பட்டியல், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற பட்டியல், வேண்டுகோள் பட்டியல். பார்த்தால் நாலும் வெறும் பட்டியல்தான். ஆனால் ஒரே முகாமுக்கு மூன்று லாரி துணியும் அடுத்த முகாமுக்குத் தண்ணீர்கூட இல்லாமலும் போகிற நிலைமையைத் தவிர்க்க அந்தப் பட்டியல்கள்தான் வேண்டும். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவிலும் அதைப் பயன்படுத்தினார்கள். உங்கள் ஊருக்கு இவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. அந்த நான்கு பட்டியலை மட்டும் ஒரு நோட்டில் நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையின் கடைசித் தெரு

2004 சுனாமி அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் வீணாகப் போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம் பிழைத்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. கடல் நிலவரம் சொல்வதற்கான ஒலிபெருக்கி அதில் உண்டு. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் மைக்கில் அறிவித்தார்கள். ஊர் கடற்கரையை விட்டு ஓடியது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் சிங்கப்பூர் போனைப் பற்றியே பேசுவார்கள். என் மனதில் நிற்பது வேறு இரண்டு. ஒன்று, அந்த ஒலிபெருக்கி தினமும் பேசிக்கொண்டிருந்தது. அதனால்தான் அன்றைக்கும் அதை நம்பினார்கள். பேரிடருக்கென்று மட்டும் வாங்கி வைத்த சைரன், ஊதும்போது என்ன சத்தம் என்றே ஊருக்குத் தெரியாது. இன்னொன்று, கதவை உடைத்தார்கள். நல்லவேளை, உடைக்கக்கூடிய கதவு.

இப்போது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. செல்போனில் பெரிய சத்தத்தோடு எச்சரிக்கை வரும் சோதனைகளை 2023-ல் பலரும் கேட்டிருப்பீர்கள், திடுக்கிட்டும் இருப்பீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. டெல்லியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் உங்கள் தாலுகா வரை செய்தி வந்துவிடும். கடைசித் தெருவுக்குக் கொண்டுபோவது உங்கள் வேலை: கோயில் மைக், பள்ளிவாசல் மைக், சர்ச் மணி, ஆட்டோவில் கட்டிய குழாய். யாரிடம் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது என்பது பதிவேட்டில் வரட்டும். ஊரில் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். சுனாமி அன்று அந்தமானில் தொலைபேசிகள் அறுந்தபோது, உலக நாடுகளோடு பேசிப் பார்க்கத் தற்செயலாகப் போர்ட் பிளேருக்கு வந்திருந்த ஒரு ஹாம் குழுதான் தீவின் குரலாக ஆனது.

கம்பி வழியே வருகிறவர்கள்

புயலுக்குத் தேதி சொல்வார்கள். கணினி வழியே வருகிறவன் சொல்ல மாட்டான்.

2015 டிசம்பர் 23 மாலை, மேற்கு உக்ரைனில் ஒரு மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் திரையில் மவுஸ் அம்பு தானே நகர்ந்தது. பிரேக்கர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூன்று நிறுவனங்களில் சுமார் 30 துணைமின் நிலையங்கள் நின்றன. 2 லட்சத்து 25 ஆயிரம் பேர் அளவில் இருட்டில் இருந்தார்கள். தாக்கியவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பைத் திறந்ததில் ஆரம்பம். அவர்கள் செய்த இன்னும் இரண்டு வேலைகளை நம் ஆட்கள் மறக்கவே கூடாது. கட்டுப்பாட்டு அறையின் யு.பி.எஸ்-ஸை அணைக்கும்படி மாற்றி வைத்தார்கள். புகார் தொலைபேசி மையத்தைப் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள், உண்மையான நுகர்வோர் போன் போட்டால் லைன் கிடைக்காதபடி. விளக்கோடு சேர்த்து, விளக்கு போன செய்தியையும் அணைத்துவிட்டார்கள்.

சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வண்டியேறி ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். கையால் போடத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். உங்கள் ஊர் நீரேற்று நிலையத்தைக் கம்ப்யூட்டரில் இணைத்த பிறகு, வால்வைக் கையால் திருகத் தெரிந்த கடைசி ஆபரேட்டர் எப்போது ரிட்டயர் ஆகிறார்? அந்த மாதத்துக்குள் இன்னும் இரண்டு பேருக்கு அவர் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியாகப் பிரிந்திருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது. முதல் நாள் நிலையத்திலிருந்து வந்த அறிக்கை மறுப்பாக இருந்தது. ஒரு நாள் இடைவெளியில் மறுப்பும் ஒப்புதலும் வந்தால் மூன்றாவதாக வரும் உண்மையையும் மக்கள் நம்புவது கஷ்டம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம், மாலை 6 மணிக்குச் சொல்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பணயத் தாக்குதலில் முடங்கின, நாட்கணக்கில் ஓ.பி. சீட்டிலிருந்து பரிசோதனை முடிவு வரை கையால் எழுதினார்கள். கார்பன் பேப்பர் வைத்த அச்சடித்த படிவங்கள் ஒரு வாரத்துக்கு எத்தனை வேண்டும் என்று உங்கள் மருத்துவமனை இன்றே எண்ணி வைக்கலாம்.

சட்டம் கேட்பது இது: 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற தேசியக் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்காதீர்கள். சுவர்க் கடிகாரம், ஒயர்லெஸ் பதிவு, கணினி மூன்றும் மூன்று நேரம் காட்டினால் எது முதலில் நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மற்றபடி அன்றாட ஒழுங்குதான். பம்ப் கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து இயக்குவதற்காகப் போட்ட ரிமோட் மென்பொருள் வேலை முடிந்ததும் நீக்கப்பட்டதா? கடவுச்சொல் மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கிறதா? பாட்டு ஏற்றி வந்த பென்டிரைவ் எந்தக் கணினியில் போகிறது? இன்னொன்று, நீங்கள் இவ்வளவு பாடுபட்டு எழுதிய பதிவேடே கெட்டவன் கையில் கிடைத்தால் அவனுக்கு வழிகாட்டி நூல். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு படி கட்டுப்பாட்டு அறையில், ஒரு படி உயரமான வேறொரு கட்டிடத்தில், பிளாஸ்டிக் உறையில், கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒருவரிடம். அவ்வளவுதான்.

சரிபார்க்கும் நாள்

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், வாரத்தின் நடுவில், முன்கூட்டிச் சொல்லாமல் மெயினை இறக்குங்கள். மருத்துவமனையில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே சொல்லிவிட்டு, டாக்டர்களோடு சேர்ந்து, அறுவை சிகிச்சை இல்லாத நேரத்தில். இரண்டு மணி நேரம் காகிதத்திலும் ஒயர்லெஸ்ஸிலும் மட்டும் அறையை ஓட்டுங்கள். பதிவேட்டிலிருந்து பத்து நம்பரைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுங்கள். எடுக்காத நம்பரை அங்கேயே அடித்து, புது நம்பரும் தேதியும் எழுதுங்கள். தேதி இல்லாத திருத்தம் திருத்தமே இல்லை.

அந்தக் கடலோர நகரத்துக்கு அடுத்த வருஷம் மறுபடி போக நேர்ந்தது. மோடத்தை யு.பி.எஸ். பக்கம் நகர்த்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் ஷெட்டின் இரண்டாவது சாவி வாட்ச்மேன் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கியது. நீள நோட்டு அதே இடத்தில் கிடந்தது. புரட்டினேன். டீக்கடை நம்பரை அடித்துவிட்டு நீல மையில் புது நம்பர் எழுதியிருந்தது. பக்கத்தில் போன மாதத் தேதி.